உயரம் குறைக்கும் ஸ்பிரிங்: பழைய ஷாக் அப்சார்பர் தாங்குமா?

காரின் உயரத்தைக் குறைப்பதற்காக, அசல் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் குட்டையான, விறைப்பு மிகுந்த ஸ்பிரிங் பொருத்தப்படுவதுண்டு. செலவைக் கருதிப் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைக்கும்போது சிக்கல் தொடங்குகிறது.

ஷாக் அப்சார்பர், அசல் ஸ்பிரிங்கின் நீளத்துக்கும் விறைப்புக்கும் ஏற்ப வடிவமைக்கப்படுவது. கார் தாழ்ந்தால் அது உள்ளிறங்குவதற்கான இடைவெளி சுருங்குகிறது. பள்ளங்களிலும் வேகத்தடைகளிலும் ரப்பர் தடுப்பில் அடிக்கடி மோதுகிறது. விறைத்த ஸ்பிரிங் மீண்டெழும் வேகத்தை அடக்க இயலாமல் கார் துள்ளுகிறது. ஷாக் அப்சார்பரும் விரைவில் தேய்கிறது. சக்கரங்களின் கோணம் மாறுவதால், வீல் அலைன்மென்ட் சரிசெய்யப்படாவிட்டால் டயர் ஒருபுறமாகத் தேயும்.

உற்பத்தியாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என, கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதங்கள் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இச்சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. எனவே, பொள்ளாச்சியிலிருந்து முதலமடை வழியாகக் கொல்லங்கோடு செல்லும் தமிழகப் பதிவெண் கார்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.