பட்டறையா, காகிதமா?

பீளமேட்டுத் தேநீர்க் கடையில் சென்ற வாரம் நான்கு கல்லூரி மாணவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். நால்வரும் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்ய வேண்டுமாம். எல்லாவற்றையும் முதலில் எழுதி வைப்போம் என்றான் ஒருவன். செய்து பார்த்துத் திருத்தலாம் என்றார்கள் மற்ற மூவர். நோட்டுப் புத்தகத்தை மடக்கிக்கொண்டு அவன் எழுந்துவிட்டான்.

என் மனம் மூவர் பக்கமே சாய்ந்தது. ஊர் வாசனை அப்படி! இதே பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்பட்டறை 1926-இல் வந்தது. பொறியியல் கல்லூரி 1951-இல்தான் வந்தது.

ஆனால் இந்த வழக்குக்கு ஒரு பழைய தீர்ப்பு உண்டு. பாரி போஹம் என்ற அமெரிக்க அறிஞரும் இரு தோழர்களும் 1984-இல் வெளியிட்ட சோதனை அது. லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏழு மாணவர் குழுக்களிடம் ஒரே வேலையைக் கொடுத்தார்கள். நான்கு குழுக்கள் விவரம் எழுதித் தொடங்கின; மூன்று, மாதிரி செய்து தொடங்கின. மாதிரிக்காரர்களுக்கு உழைப்பு 45 சதவிகிதம் குறைவு. அவர்கள் செய்தது பழகவும் எளிது. எழுதியவர்கள் செய்ததோ சற்று உறுதியானது. அதன் பாகங்களை இணைப்பதும் சுலபமாயிருந்தது. பெரிய வேலைக்கு இரண்டும் கலந்திருப்பதே நல்லது என்று முடித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. திட்டமின்றித் தொடங்கிப் பாதியில் நின்றுபோன நாவல்கள் என் அலமாரியிலும் இரண்டு உண்டு, வாசகரே!

"தம்பி, போயிராதீங்க. உங்க நோட்டு இவங்களுக்கு வேணும்" என்றேன்.

"அவங்க கேக்கட்டுங்க" என்றான்.

மூவரில் ஒருவன் பெஞ்சியில் நகர்ந்து இடம் விட்டான். அவன் உட்கார்ந்தான்.