வள்ளத்து எஞ்சினும் அதன் ஆயிலும்

நம் கடற்கரைக்கு எண்ணெய் புதிதல்ல. பலகை வள்ளங்களுக்கு மீனெண்ணெய் பூசிய காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த வாடை இரண்டு தெரு தள்ளி வீசும். மரம் இற்றுப்போகாமல் காக்க அதைப் பூசினார்கள். கடலில் கிடைத்த எண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்கே போனது. எஞ்சின் வந்த பிறகு கரைக்கு வந்தது வேறு எண்ணெய். அது கறுப்பாக மணலில் விழும், மழை பெய்தாலும் போகாது.

வள்ளத்தின் பின்பக்கம் மாட்டும் எஞ்சினில் ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் நம் கரையில் எஞ்சின் வந்து பல வருடங்கள் வரை, உள்ளே இருந்து எடுத்து மாற்றும்படி எஞ்சின் ஆயில் என்று ஒன்றே கிடையாது. ஊற்றிய ஆயில் எல்லாம் அன்றன்றே புகையோடும் தண்ணீரோடும் போய்விடும். அது ஏன் என்று தெரிந்தால்தான், இன்று நாம் கையில் பிடிக்கிற கறுப்பு ஆயிலின் அருமை தெரியும்.

ஓலே எவின்ரூட் என்பவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பட்டறை வைத்திருந்தார். வருங்கால மனைவிக்கு ஐஸ்கிரீம் வாங்க வெயிலில் ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்தபோதுதான் படகுக்கு எஞ்சின் மாட்டும் யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1909-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஒன்றரைக் குதிரைசக்தி. எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. டெட்ராய்டில் வாட்டர்மேன் என்பவர் அதற்குச் சில வருடம் முன்பே இப்படி ஒரு எஞ்சினை விற்றிருக்கிறார். ஆனால் உலகம் முழுக்கப் பெயர் பரவியது எவின்ரூட்டுக்குத்தான்.

அந்த எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக் வகை. வால்வு இல்லாத அந்த எளிய அமைப்பை 1890 வாக்கில் இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் உருவாக்கினார். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் எஞ்சினின் அடிவயிற்றுக்குள், கிராங்க் சுழலும் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்து சிலிண்டருக்கு ஏறும். மூச்சு போகிற வழியில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. அதனால் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்தார்கள். கலவை உள்ளே போகும்போது ஆயில் பேரிங்குகளில் படிந்து வழவழப்புத் தரும். மிச்சம் சிலிண்டரில் பாதி எரிந்து, பாதி எரியாமல் வெளியே போகும். இந்த எஞ்சின்களில் புகைபோக்கி தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. ஆகவே அது போகுமிடம் கடல்.

பழைய எஞ்சின்களுக்கு 24 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில் ஊற்றுவது வழக்கம். 1960களில் அது 50-க்கு 1 என்று குறைந்தது. இந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு வள்ளம் நாளுக்கு 25 லிட்டர் எரித்தால் அரை லிட்டர் ஆயில். வருடத்தில் 200 நாள் தொழிலுக்குப் போனால் 100 லிட்டர். இது ஒரே ஒரு வள்ளத்தின் கணக்கு. ஒரு துறையில் எத்தனை வள்ளம் கிடக்கிறது என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எஞ்சின் நம் பக்கம் வந்த கதையும் சொல்ல வேண்டும். 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, கொல்லம் அருகே நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கியது. அங்கே வந்தது படகுக்குள் பொருத்தும் டீசல் எஞ்சின். அது நாளடைவில் இறால் பிடிக்கும் விசைப்படகுகளுக்கு வழிவிட்டது. கட்டுமரக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் அதனால் நேரடிப் பயன் இல்லை, போட்டிதான் மிச்சம். 1980களில் ஜப்பான் எஞ்சின்கள் வந்தபோது கேரளத்திலும் குமரிக் கரையிலும் அவர்கள் கடன் பட்டாவது வாங்கியதற்கு இதுவே பெரிய காரணம். அதே காலத்தில் கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியது. முட்டத்தில் பெல்ஜியம் நாட்டுக்காரரான பியர் ஜில்லே முன்னின்று நடத்திய ஒட்டுப்பலகைப் படகு முயற்சி அந்தச் சமயத்தில்தான் வேரூன்றியது. எஞ்சின் மாட்ட வாகாக அந்தப் படகுகள் இருந்தன.

விலைக்குப் பயந்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. மண்ணெண்ணெய் பெட்ரோல் மாதிரி எளிதில் ஆவியாகாது. புகையும் கரியும் கூடும். அதிலும் ஆயில் கலந்தே ஆக வேண்டும். செலவைக் குறைக்க மோட்டார் பைக்குக்கான ஆயிலை ஊற்றியவர்களும் உண்டு. அது தவறு. தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கான ஆயிலில் சாம்பல் விடும் சேர்மானம் இருக்கக்கூடாது. டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருப்பது அதற்கான அடையாளம். இந்தத் தர அளவு 1990களில் வந்தது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தனியே அடித்தொட்டியில் கிடக்கும், பெட்ரோலோடு சேராது. ஹோண்டா 1964-லேயே இப்படி ஒரு எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பல வருடம் அதைப் பெரும்பாலோர் சீந்தவில்லை. எடை கூடுதல், விலை கூடுதல். 1996-இல் அமெரிக்க அரசு இந்த எஞ்சின்களின் புகைக்கு வரம்பு வைத்து, 1998 முதல் 2006-க்குள் படிப்படியாகக் குறைக்கச் சொன்ன பிறகுதான் கம்பெனிகள் மொத்தமாக அந்தப் பக்கம் திரும்பின. 1999-இல் டாஹோ என்ற ஏரியில் கார்புரேட்டர் வைத்த பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குத் தடையே வந்துவிட்டது. எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே தண்ணீரில் கலக்கிறது என்பது அப்போது சொன்ன காரணம்.

நம் கரையில் இதற்கு வேறொரு தடங்கலும் உண்டு. அலையில் இறக்கி ஏற்றும் கரைகளில் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கண்டபடி படுக்கவும் வைக்க முடியாது. தவறான பக்கம் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். எந்தப் பக்கம் கிடத்தலாம் என்று கையேட்டில் படம் போட்டிருக்கும்.

இனி ஆயில் மாற்றும் வேலை. புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணிக்கு ஒரு தடவை என்பது பொதுவான கணக்கு. தண்ணீர் கொடுத்து ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் ஆயில் இளகும். எஞ்சினை நேராக நிறுத்திக்கொள்ளுங்கள். அடியில் அகலச் சட்டி வைத்துப் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் எஞ்சினின் பக்கவாட்டில் வழியும். அதனால் ஒரு தண்ணீர் பாட்டிலைச் சாய்வாக வெட்டி, துளைக்குக் கீழே அழுத்திப் பிடித்தால் அதுவே ஓடையாகிச் சட்டிக்குள் விழும். அளவுக்கம்பி போகிற குழாய் வழியே கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பது இன்னும் சுத்தம். ஃபில்டரைக் கழற்றும் முன் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, பையோடு திருகினால் சொட்டு ஆயில்கூடக் கீழே விழாது. சிறிய எஞ்சினுக்கு ஒரு லிட்டர் போதும்.

கீழே கியர் பெட்டி இரண்டு வகை எஞ்சினுக்கும் உண்டு. கால் லிட்டர் போலத்தான் பிடிக்கும். முதலில் கீழ்ப் போல்ட், பிறகு மேல் போல்ட் கழற்றினால் வடியும். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல் துளையில் எட்டிப் பார்த்ததும் மேல் போல்ட்டை முதலில் மூடி, பிறகு கீழே மூடுங்கள். அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. வாஷரைப் புதிதாகப் போடுங்கள். வடிந்த ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் சீல் போய் உப்புத்தண்ணீர் நுழைந்திருக்கிறது. உடனே கவனிக்காவிட்டால் நடுக்கடலில் கியர் கைவிட்டுவிடும்.

எடுத்த ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்கள். பழைய ஆயில் நம் சட்டப்படி அபாயகரமான கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகளுக்குத்தான் அது போக வேண்டும். பழைய ஆயில் எடுக்கும் பெரிய ஒர்க்ஷாப்பில் கொடுத்தால் அங்கிருந்து போய்ச் சேரும். மீன் காயப்போடும் மணலில் கொட்டுவதோ, தென்னை மூட்டில் ஊற்றுவதோ வேண்டாம்.

எழுபது வருடத்துக்கும் மேலாக இந்த எஞ்சின்கள் குடித்த ஆயிலில் பெரும்பகுதியை யாராலும் திரும்பப் பிடித்திருக்க முடியாது, அமைப்பே அப்படி. இன்று முதன்முறையாக அது ஒரு சட்டிக்குள் அடங்கி நம் கைக்கு வருகிறது. வீட்டில் பேரன்மார் தொழிலுக்குப் போகிறார்கள் என்றால், அந்தச் சட்டியை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.