கொக்கி ஊசியும் க்ஷாமகாலமும்

பாத்திரம் துடைக்கும் பருத்தித் துணியை வீட்டிலேயே பின்னிக்கொள்ளும் பெண்கள் கையில் பிடிக்கும் குரோஷா ஊசி, ஒரு காலத்தில் அயர்லாந்து தேசத்து ஏழைக் குடும்பங்களுக்கு ஜீவனாதாரமாக விளங்கியது என்பதை எண்ணும்போது, அந்த எளிய கருவியின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

1845-ஆம் ஆண்டில் தொடங்கிய பயிர்நோய் உருளைக்கிழங்கை அழிக்க, அதையே பிரதான ஆகாரமாகக் கொண்டிருந்த ஜனங்களில் சுமார் 10 லட்சம் பேர் பசிக்கும் வியாதிக்கும் இரையாகி, ஏறக்குறைய அதே தொகையினர் கப்பலேறிப் போய்விட்ட அக்கொடிய காலத்தில், கார்க் நகரையடுத்த உர்சுலைன் கன்னிமாடத்தாரும், குளோனிஸ் என்ற சிற்றூரில் பாதிரியாரின் மனைவியான கஸாண்ட்ரா ஹாண்ட் அம்மையாரும் இப்பின்னலைப் பரப்பினார்கள்.

வெனிஸ் நகரத்து லேஸின் சாயலை, தையலூசி வேலைக்குப் பிடிக்கும் காலத்தில் ஒரு சிறு பங்கிலேயே இக்கொக்கி கொண்டுவந்துவிடும். முதலீடோ நூலும் ஊசியும்தான். ஒருத்தி ரோஜாவையும் மற்றொருத்தி இலையையும் தனித்தனியே பின்னிக்கொடுக்க, வேறொருத்தி அவற்றையெல்லாம் சிறு முடிச்சுகள் நிறைந்த வலையால் பிணைத்து ஒரே ஆடையாக்கிவிடுவாள். உபகாரிகளின் கருணை போற்றத்தக்கதே. ஆயினும், பசித்த வயிற்றோடு மங்கிய வெளிச்சத்தில் கண் நோக இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்து, பெயர்கூடப் பதியாமல் மறைந்த அப்பெண்களின் திறமையே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

பிற்காலத்தில் இயந்திர லேஸும் மாறிய நாகரிகமும் இவ்வியாபாரத்தைக் குன்றச் செய்தன. அவ்வலையில் இடும் குளோனிஸ் முடிச்சை மட்டும் அவ்வூரார் இன்றும் போட்டு வருகிறார்கள்.