கொங்கு நாட்டில் குதிரையும் குதிரைக் கல்வியும்

குதிரையின் உடலமைப்பு, தீவனம், இனப்பெருக்கம், நோய், லாயப் பராமரிப்பு, பயிற்சி ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்கும் துறை குதிரை அறிவியலும் மேலாண்மையும் எனப்படுகிறது. பிரிட்டன் முதலிய நாடுகளில் இது பல்கலைக்கழகங்களில் தனிப் பட்டப்படிப்பாக உள்ளது. இந்தியாவில் பெரும்பாலும் கால்நடை மருத்துவப் பட்டத்தின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திருப்பூர் மாவட்டத்தில், உடுமலைப்பேட்டையில், 2020ஆம் ஆண்டில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அது அமைந்திருப்பது காங்கேயம் காளைகளின் நாட்டில். அங்கு சேரும் மாணவர் குதிரையையும் படிக்க வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். உண்மையில் தமிழகத்தில் குதிரையின் வரலாறு நெடியது. குதிரையைப் பற்றிய முறையான கல்வியின் வரலாறு மிகக் குறுகியது. இந்த இடைவெளிக்குத் தமிழ் மன்னர்களின் கருவூலங்கள் பெரும் விலை கொடுத்துள்ளன.

கப்பலில் வந்த குதிரை

தமிழ் நிலம் குதிரைக்கு இயல்பான நிலமன்று. இன்று இந்தியாவில் மார்வாரி, கத்தியவாரி, ஸ்பிதி, ஜன்ஸ்காரி, பூட்டியா, மணிப்பூரி, கச்சி-சிந்தி எனப் பல குதிரை இனங்கள் அறியப்படுகின்றன. அவற்றுள் ஒன்றுகூடத் தமிழகத்துக்கு உரியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் மலைமண்டலத்தைச் சேர்ந்த குதிரைச் செட்டிகளைச் சொல்கின்றன. மாணிக்கவாசகர் வரலாறே பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பெரும்பணத்தோடு திருப்பெருந்துறைக்குச் சென்ற அமைச்சரின் கதைதான். (அந்தப் பெருந்துறை புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில், திருப்பூருக்கு அருகிலுள்ள ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை அன்று. பெயர் ஒற்றுமையால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.)

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வணிகம் உச்சத்தை எட்டியது. முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் இறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்ததையும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்பதையும் பதிவு செய்துள்ளார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியனின் கருவூலமே விலை கொடுத்தது என்கிறார்.

அதே காலத்தில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோவின் குறிப்பு இன்னும் கூர்மையானது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்படும் குதிரைகளுள் ஆண்டு முடிவில் உயிரோடு எஞ்சுபவை மிகச் சில. காரணம், இந்நாட்டில் குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் குதிரை மருத்துவர்களை இங்கு வரவிடுவதும் இல்லை. குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும். வணிகர்களின் நோக்கம் பற்றிய இச்செய்தி கேள்விப்பட்டதாக இருக்கலாம். ஆனால் குதிரைகள் பெருமளவில் மடிந்தன என்பதில் வஸ்ஸாபும் மார்க்கோ போலோவும் ஒத்துப் போகிறார்கள்.

தீவனம் பற்றி இருவரும் தரும் செய்திகள் இன்றைய மாணவருக்கு ஒரு பாடமாகவே அமையும். குதிரைக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சி கொடுத்ததாக மார்க்கோ போலோ எழுதுகிறார். வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் கொடுத்துப் பாலும் புகட்டியதாக வஸ்ஸாப் எழுதுகிறார். விலையுயர்ந்த விலங்குக்கு விலையுயர்ந்த உணவு என்ற எண்ணம் இதில் தெரிகிறது. குதிரையோ மாட்டைப் போல் அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை சிறியது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் பெருங்குடலில் இருக்கின்றன. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதே அதன் இயல்பு. மாவுச்சத்து மிகுந்த உணவு ஒரே வேளையில் அளவுக்கு மீறிப் போனால் அது செரிக்காமல் பெருங்குடலை அடைந்து புளிக்கிறது; வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் தோன்றுகின்றன. குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது. அதனால் அதன் வயிற்றுவலி எளிதில் உயிருக்கு உலையாகிறது. வெப்பமும் புதிய நோய்களும் இவற்றோடு சேர்ந்திருக்கும். அரபு நாட்டில் மேய்ந்து வளர்ந்த குதிரை பாண்டி நாட்டு லாயத்தில் ஓராண்டு தாங்காததற்கு இவற்றுக்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

நூலறிவு இல்லாமல் இல்லை. சாலிஹோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரில் வழங்கும் வடமொழிக் குதிரை நூல்கள் இந்தியா முழுவதும் படியெடுக்கப்பட்டன. வட இந்தியாவில் குதிரை வைத்தியரைக் குறிக்கும் ‘சாலூத்ரி’ என்ற சொல் சாலிஹோத்திரர் பெயரிலிருந்தே வந்தது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் நகுலனின் அசுவசாத்திரத்தை 1952இல் படங்களோடு பதிப்பித்தது. இவ்வகை நூல்களில் நிறம், சுழி, இலக்கணம் பற்றிய பகுதிகள் விரிவானவை. வாங்குபவருக்கு அவை வேண்டியவைதாம். ஆனால் அரண்மனைச் சுவடியில் இருந்த அறிவு லாயத்தில் புல் போட்டவரிடம் எந்த அளவுக்குச் சென்றது என்பதே கேள்வி.

கொங்கு வழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையையும் சோழ நாட்டையும் இணைத்த பெருவழி கொங்கு நாட்டின் ஊடாகவே சென்றது. கோயம்புத்தூர் அருகே கிடைத்த இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இதற்குச் சான்று. மலைமண்டலக் குதிரைச் செட்டிகள் கிழக்கே வர இதைவிடச் சிறந்த வழி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும் மோதிய களமும் இதுவே. 1790 செப்டம்பரில் சத்தியமங்கலம் அருகே திப்பு சுல்தானின் படை கர்னல் ஃபிளாய்டின் குதிரைப்படையைத் தாக்கிப் பின்வாங்கச் செய்தது. காங்கேயம் பகுதியைச் சேர்ந்த தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அவர் இன்றும் மக்கள் நினைவில் குதிரை மீதே அமர்ந்திருக்கிறார். அண்ணன்மார் கோயில்களில் பொன்னர், சங்கர் குதிரைகளும் நிற்கின்றன. கொங்கு நாட்டில் குதிரை படைக்கும் தெய்வத்துக்கும் உரியது. உழவுக்கு உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை.

படை லாயத்திலிருந்து கல்லூரிக்கு

உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி பிரான்சின் லியோன் நகரில் 1761இல் நிறுவப்பட்டு மறு ஆண்டில் பாடம் தொடங்கியது. அரசு அதற்குப் பணம் தந்தது மாட்டுக் கொள்ளைநோயை ஒழிப்பதற்காக. நிறுவியவரான குளோத் பூர்ழலாவோ குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். எழுதியதும் குதிரையைப் பற்றி. 1791இல் தொடங்கிய லண்டன் கல்லூரி ஏறத்தாழ முழுவதும் குதிரைக்கே உரியதாக இருந்தது. வண்டி, தபால், படை எல்லாமே குதிரையால் இயங்கிய காலத்தில் அது இயல்பே.

லியோனில் பயின்ற வில்லியம் மூர்கிராப்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக்குக் கண்காணிப்பாளராக 1808இல் பீகாரின் பூசாவுக்கு வந்தார். நல்ல பொலிகுதிரைகளைத் தேடி இமயம் கடந்து சென்ற அவர் 1825இல் மத்திய ஆசியாவிலேயே இறந்தார். குதிரைக்காகக் கம்பெனி எவ்வளவு தூரம் போகத் துணிந்தது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

தென்னிந்தியாவில் கம்பெனி தேர்ந்த இடம் ஓசூர். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காற்றும் புல்வெளியும் உள்ள அங்கு, படைக்குக் குதிரை வளர்க்க 1824இல் 1600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் பண்ணை அமைக்கப்பட்டது. கடலோர வெப்பத்தில் குதிரை நலிகிறது என்ற பட்டறிவு இத்தேர்வில் இருப்பதாகக் கொள்ளலாம். எனினும் உள்நாட்டு வளர்ப்பு போதவில்லை. 1830கள் முதல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து ‘வேலர்’ எனப்படும் குதிரைகள் கப்பலில் வந்தன. சென்னையில் அப்போது துறைமுகம் இல்லாததால் குதிரைகளை அலைகளில் நீந்தவிட்டுக் கரை சேர்த்தனர். காயலில் நடந்ததே மீண்டும் நடந்தது எனலாம். வணிகர் மாறினர், கடல் மாறியது, குதிரை மட்டும் வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை குதிரையைப் பேணும் அறிவும் நிறுவனமாக வந்தது. 1862இல் புனேயில் இராணுவக் கால்நடை மருத்துவப் பள்ளியும், 1882இல் லாகூரிலும் 1886இல் பம்பாயிலும் கல்லூரிகளும் தோன்றின. குதிரைகளின் கொடிய தொற்றுநோயான கிளாண்டர்ஸ் நோயைக் கட்டுப்படுத்த 1899இல் ஒரு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1903 அக்டோபர் 1 அன்று சென்னை வேப்பேரியில், டாபின் ஹால் என்னும் கட்டடத்தில், 20 மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பின்னர் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது.

குதிரையின் இடத்தில் காளை

கல்லூரி வந்த வேளையில் குதிரையின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் இயந்திர வண்டிகள் படையில் குதிரையின் இடத்தைப் பிடித்தன. ஓசூர்ப் பண்ணை மாடு வளர்ப்புக்கு மாறியது. குதிரைக்கென வேலியிட்ட நிலத்தில் காங்கேயம் மாடுகள் மேய்ந்தன.

காங்கேயம் இனத்தைப் பொறுத்தவரை அறிவு முதலில் கல்லூரியில் தோன்றவில்லை. காங்கேயம் அருகிலுள்ள பழையகோட்டைப் பட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொலிகாளையைத் தேர்ந்து இனத்தைச் செம்மைப்படுத்தினர். அதற்கு அடிப்படை கொறங்காடு என்னும் மேய்ச்சல் நில முறை. மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி; அவ்வளவுதான். மழை குறைந்த நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரிது. ஆர். டபிள்யூ. லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூல் இவ்வினத்தை விரிவாகப் பதிவு செய்தது. கவலை இறைக்கவும், உழவும், பருத்திப் பொதி ஏற்றிய வண்டியை இழுக்கவும் கொங்கு நாட்டுக்கு வேண்டியது காளையே. குதிரை ஜட்கா வண்டியோடு நின்றது. குதிரைத் தீவனமான கொள்ளுகூடக் கொங்கு நாட்டில் முதலில் மனிதர் உணவு. கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இல்லாத வீடு குறைவு.

பாடநூலும் இதே வழியில் மாறியது. 1910இல் வெளிவந்த செப்டிமஸ் சிசனின் புகழ்பெற்ற கால்நடை உடற்கூறு நூலில் குதிரையே அளவுகோல். மாடு அதனோடு ஒப்பிடப்பட்டது. இன்று இந்திய வகுப்புகளில் மாடு அளவுகோல். குதிரை ஒப்பீட்டுக்கு வருகிறது.

இன்றைய கல்வி

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்வி 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளது. உடுமலைப்பேட்டைக் கல்லூரியும் அதன் உறுப்பே. இளநிலைப் பட்டம் ஓராண்டு உள்ளகப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகள். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும் என்பதும், சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம் என்பதும், பல்லைக் கொண்டு வயதறிவதும் எல்லா மாணவருக்கும் பாடம்தான். குதிரையில் மட்டும் ஆய்வு செய்ய விரும்புவோர் பெரும்பாலும் ஹரியானாவின் ஹிசாரில் 1985இல் அமைந்த தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தையே நோக்குகின்றனர்.

இத்துறையின் சிக்கல் வெளிப்படையானது. 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் ஏறத்தாழ 3.4 லட்சமாகக் குறைந்தன. குதிரை குறைந்தால் அதைக் கையால் தொட்டுப் பழகும் மாணவரும் குறைவர். வயிற்றுவலியால் தரையில் புரளும் குதிரையை முதன்முதலாகத் தேர்வுக்குப் பின்னரே பார்க்கும் மருத்துவர், நூலறிவு நிறைந்தும் கையறிவு இல்லாத நிலையில் நிற்பார். தமிழகத்தில் இன்றும் குதிரை உள்ள இடங்கள் சில: காவல்துறையின் குதிரைப் பிரிவு, பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட லாயங்கள், சுற்றுலா ஊர்கள், சிறுமலை போன்ற மலை ஊர்களின் பொதிக்குதிரைகள், ரேக்ளா ஓட்டுவோர் வீடுகள். இவற்றுள் பந்தயக் குதிரைக்கே மருத்துவர் எப்போதும் அருகில் இருக்கிறார். எலுமிச்சை மூட்டை சுமந்து இறங்கும் குதிரைக்கு அப்படி இல்லை.

அந்தியூர்ச் சந்தை

திருப்பூர்ப் பகுதி மாணவர் பல இனக் குதிரைகளை ஒரே இடத்தில் காண அருகிலுள்ள வாய்ப்பு ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் நடக்கும் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையாகும். திப்பு சுல்தான் காலத்தில் படைக்கு இங்கு குதிரை வாங்கப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. மாடுகளோடு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இங்கு வருகின்றன. வாங்குவோர் வாயைத் திறந்து பல் பார்க்கின்றனர். நெற்றியிலும் கழுத்திலும் சுழி பார்க்கின்றனர். ஓடவிட்டு நடை பார்க்கின்றனர். பல்லும் நடையும் கல்லூரிப் பாடத்திலும் உண்டு. சுழி அங்கு இல்லை. ஆனால் சந்தையில் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் பலமுறை அதுவே.

சந்தையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நோய். கிளாண்டர்ஸ் மூக்கொழுக்காகவும் தோலில் புண்ணாகவும் வெளிப்படும், மனிதருக்கும் தொற்றும். பல ஆண்டுகள் அடங்கியிருந்த இந்நோய் 2006இல் இந்தியாவில் மீண்டும் தலைகாட்டியது. வெகுதொலைவிலிருந்து வந்த குதிரைகள் ஒரே தொட்டியில் நீர் குடிக்கும் இடம் அது பரவ ஏற்ற இடம். நோய் உறுதியான குதிரைக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. சட்டப்படி கருணைக்கொலை செய்து புதைக்கின்றனர், உரியவருக்கு இழப்பீடு உண்டு. அறிகுறி வெளிப்படாத குதிரையில் நோயைக் காட்டித் தருவது சந்தைக்கு முந்தைய இரத்தப் பரிசோதனை. அதற்கு இரத்தம் எடுக்க, பழகாத குதிரையின் கழுத்து நரம்பைப் பயமின்றித் தொடத் தெரிந்த கை வேண்டும்.