ஆலையின் திறவுகோல்

மண்ணெண்ணெய்க்கு நம் வரலாற்றுப் பாடநூல்களில் இடமில்லை. மன்னர்களின் போர்களுக்கு ஒதுக்கிய பக்கங்களுள் ஒன்றை அதற்கு அளித்திருக்கலாம் என்று, ஆசிரியப் பணியில் இருந்த நாளெல்லாம் நான் எண்ணியதுண்டு. 1942-ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. நம் சிற்றூர்களில் விளக்கேற்றுவதே அரிதாயிற்று. எங்கோ தோற்ற போருக்கு நம் திண்ணைகள் இருண்டன.

நம் மண்ணில் எண்ணெய் இல்லாமலில்லை. அஸ்ஸாமின் திக்பாயில் 1889-இலேயே எண்ணெய் கண்டனர். 1901-இல் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. ஆயினும் நாட்டின் தேவைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. விடுதலைக்குப்பின் மூன்று அயல்நாட்டு நிறுவனங்கள் இங்கே ஆலைகள் அமைத்தன: டிராம்பேயில் 1954-இலும் 1955-இலும், விசாகப்பட்டினத்தில் 1957-இல். எந்தக் கச்சா எண்ணெயைக் கொணர்வது என்ற உரிமையை ஒப்பந்தத்தில் அவை தம்மிடமே வைத்துக்கொண்டன. ஆலை நம் மண்ணில். அதன் திறவுகோல் கடலுக்கு அப்பால்!

இதன் பொருள் 1960-இல் விளங்கிற்று. நேயர்கள் இந்த ஆண்டைச் சிறிது மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதிக் கட்டம் அது. அந்நியச் செலாவணி கரைந்திருந்த நேரம். அவ்வேளையில் சோவியத் நாடு குறைந்த விலைக்குக் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. விலையை ரூபாயிலேயே செலுத்தலாம் என்றும் கூறிற்று. வறியவன் வாசலுக்கு நெல் மூட்டை வந்தது போலாயிற்று. அதைக் குற்றித் தருமாறு அரசு அம்மூன்று நிறுவனங்களையும் கேட்டது. அவை மறுத்துவிட்டன. ஒப்பந்தம் அவற்றின் பக்கம் இருந்தது, வற்புறுத்த வழியில்லை. வேடிக்கை என்னவெனில், மறுத்தவர்களே பின்னர்த் தம் விலையைச் சற்றுக் குறைத்தனர். அப்படியாயின் முன்பு வாங்கிய விலை என்ன விலை என்று எந்த மாணவனும் கேட்பான்.

எண்ணெய்த் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் கே. டி. மாளவியா, முன்னரே வேறு வழி தேடியவர். 1956-இல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் பிறந்தது. சோவியத் வல்லுநர் துணையோடு 1958-இல் காம்பேயிலும், 1960-இல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கண்டது. எனினும் அகழ்தலைக் காட்டிலும் ஆலையே முதன்மையானது என்பது என் கருத்து. கிணறு இருந்தும் உலக்கை பிறர் கையில் இருந்தால் சோறு ஏது? நூன்மாட்டி, பரௌனி, கோயலி என அரசின் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. நம் சென்னைக்கு அருகே மணலியிலும் 1969-இல் ஓர் ஆலை இயங்கத் தொடங்கிற்று. அதில் ஈரானிய, அமெரிக்க நிறுவனங்களுக்கும் பங்கிருந்தது. ஆனால் பெரும்பங்கு நம் அரசினுடையது.

1973 அக்டோபருக்கும் 1974 ஜனவரிக்கும் இடையே உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பள்ளிச் சிறுவனாகிய நான் தகர டின்னுடன் பங்கீட்டுக் கடை வரிசையில் நின்றது அக்காலத்தில்தான். அந்த 1974 பிப்ரவரியிலேயே பம்பாய்க்கு மேற்கே, கரையினின்று 150 கிலோமீட்டருக்கும் அப்பால், கடலடியில் எண்ணெய் கிட்டியது. 1974-க்கும் 1976-க்கும் இடையே அம்மூன்று நிறுவனங்களின் ஆலைகளும் அரசின் கைக்கு வந்தன.

1980-களின் நடுவில், தேவையில் மூன்றில் இருபங்கு அளவுக்கு நாமே எடுத்தோம். பிறகு வண்டிகள் பெருகிய வேகத்திற்குக் கிணறுகள் ஈடுகொடுக்கவில்லை. இன்று ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் வெளியிலிருந்தே வருகிறது. ஆலைகளோ நம் தேவைக்கு மிஞ்சியே உள்ளன. அவற்றில் வடித்த பெட்ரோலையும் டீசலையும் பிற நாடுகளுக்கும் விற்கிறோம்.