154 வாக்குகள்

தேர்தல் வரலாறு என்றால் நாம் வென்றவர்களைத்தான் எண்ணுகிறோம். ரொறன்ரோவில் அந்தப் பட்டியல், 2011இல் ஸ்காபரோ–ரூஜ் றிவர் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்ற ராதிகா சிற்சபைஈசனில் இருந்து பெருமையோடு தொடங்கும். நான் இன்று பேச விரும்புவது, வேட்பாளராக நிற்பது என்ற செயலைப் பற்றி. அதற்கு முதலில் யாழ்ப்பாணம் போகவேண்டும்.

1931இல் டொனமூர் யாப்பின் கீழ், ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமையோடு இலங்கையில் முதல் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. யாப்பு சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. நோக்கம் உயர்ந்ததுதான். தெற்கு பின்தொடரவில்லை. 1934 வரை அந்த நான்கு ஆசனங்களும் வெறுமையாகவே கிடந்தன.

இப்போது ரொறன்ரோவுக்கு வருவோம். இங்கே மாநகரசபைக்குப் போட்டியிட 25 வாக்காளர்களின் கையொப்பமும் 100 டொலரும் போதும். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இராது. வாசல் வாசலாகப் போய் உங்கள் பெயரை நீங்களே பதியவைக்க வேண்டும்.

நீதன் சாண் 2006இல் யோர்க் பிராந்தியக் கல்விச்சபைக்குத் தெரிவானவர். 2011இலும் 2014இலும் மாகாணசபைக்கு நின்று தோற்றார். 2016 இடைத்தேர்தலிலும் தோற்றார். 2017 பெப்ரவரியில், ரொறன்ரோ மாநகரசபைக்குத் தெரிவான முதல் தமிழரானார். அடுத்த ஆண்டு, வேட்புமனுக்கள் ஏற்கப்பட்ட பின்பு, மாகாண அரசு 47 வட்டாரங்களை 25 ஆகக் குறைத்தது. புதிய ஸ்காபரோ–ரூஜ் பார்க் வட்டாரத்தில் அவருக்கும் ஜெனிஃபர் மக்கெல்விக்கும் இடையில் போட்டி. இவருக்கு 11,470, அவருக்கு 11,624. வித்தியாசம் 154. அதே வட்டாரத்தில் 2025 இடைத்தேர்தலில் அவர் வென்றார்.

1931இன் வெற்று ஆசனங்களையும் 2018இன் தோல்வியையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் எண்ணுவதற்கு ஒரு வாக்கும் இல்லை. மற்றதில் 11,470 பேர் ஒரு பெயருக்கு நேரே அடையாளம் இட்டிருக்கிறார்கள். தமிழர் மட்டும் வாக்களித்து அந்த வட்டாரத்தில் இத்தனை வராது. மற்றச் சமூகத்தவரின் கதவுகளும் திறந்திருக்கின்றன. ஏழு வருடம் கழித்து அவர் திரும்பிப் போனதும் அந்தக் கதவுகளுக்குத்தான்.

ஆகையால் என் வேண்டுகோள் சிறியது. தோற்ற வேட்பாளர் ஒருவரின் துண்டுப்பிரசுரம் உங்கள் பேஸ்மென்ரில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். திகதியை எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.