தேடியது ஒன்று, கண்டது ஒன்று: 1603ஆம் ஆண்டின் இரு நெடும்பயணங்கள்

நெடுவழிப் பயணம் நம் கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. நொய்யல் ஆற்றங்கரையில், சென்னிமலைக்கு அண்மையில் உள்ள கொடுமணல், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணிக்கற்களைத் தீட்டித் தொலைநாடுகளுக்கு அனுப்பிய ஊர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக்கரையையும் கரூரையும் இணைத்த பெருவழி இந்த நிலத்தின் ஊடே சென்றது. அவ்வழியே கூட்டமாகச் சென்ற வணிகரை நம் முன்னோர் 'சாத்து' என்றனர். கள்வரையும் காட்டையும் அஞ்சித் தனியே செல்ல இயலாதவர்கள் ஒருவரையொருவர் நம்பிக் கூடி நடந்ததே சாத்து. இந்தப் பழஞ்சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, 1603ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு பயணங்களை நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ஒன்று, நம் கண்ணுக்கு எட்டும் நீலமலையை நோக்கியது. மற்றொன்று, ஆசியக் கண்டத்தின் நடுவே பனிமலைகளையும் புல்வெளிகளையும் பாலைகளையும் கடந்து சீனப் பெருஞ்சுவரில் முடிந்தது. இரண்டையும் மேற்கொண்டவர்கள் இயேசு சபையினர். இரண்டுக்கும் காரணமாய் அமைந்தது ஏறத்தாழ ஒரே வகையான செய்திதான்: 'அப்பால், மலைகளுக்குப் பின்னே, நம்மவர் இருக்கிறார்கள், அவர்களை யாரும் போய்ப் பார்த்ததில்லை' என்பதே அச்செய்தி.

முதலில் அருகிலுள்ள மலையைக் காண்போம். சத்தியமங்கலத்திலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ நோக்கினால் நீலமலை ஒரு சுவர்போல் எழுந்து நிற்கும். அம்மலைமேல் 'தோடமலை' என்னும் இடத்தில், பண்டைக் காலத்தில் திருமறையைத் தழுவிப் பின்னர் குருக்களின்றி அதை மறந்துபோன மக்கள் வாழ்கிறார்கள் என்ற வதந்தி மலையாளக் கரையில் உலவியது. புனித தோமையார் வழிவந்த கிறிஸ்தவர்களின் ஆயராக அங்கமாலியில் இருந்த பிரான்சிஸ்கோ ரோஸ், 1602இல் ஒரு குருவையும் ஒரு திருத்தொண்டரையும் அங்கே அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த செய்தி ஐயத்தைத் தீர்க்கவில்லை. ஆகவே மறு ஆண்டு, கோழிக்கோட்டில் பணிபுரிந்த இத்தாலியரான யாக்கோமோ ஃபெனிசியோ என்னும் குருவானவர் மலையேறினார். அவர் தம் மேலாளருக்கு எழுதிய மடல் 1603ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளைக் குறிக்கிறது.

அவர் ஏறியது நம் பக்கத்துச் சரிவில் அன்று, மேற்குப் பக்கத்தில். உச்சியில் அவர் கண்டது பரந்த புல்வெளிகள். மடிப்பு மடிப்பான குன்றுகள். அவற்றின் இடுக்குகளில் சோலைக்காடுகள். இன்று நீலமலையில் நாம் காணும் ஏரிகள் அன்று இல்லை. உதகை ஏரி 1820களில் ஆங்கில ஆட்சியாளர் வெட்டுவித்தது. அவலாஞ்சி, மேல்பவானி போன்றவை இருபதாம் நூற்றாண்டின் அணைகள் தேக்கியவை. அந்தப் புல்வெளிகளில் எருமைகளோடு தோடர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய பால்மனைகளே அவர்களுக்குக் கோயில். அவற்றைப் பேணியவர்களே பூசாரிகள். ஒரு பெண் பல கணவரை மணக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. படகர்களின் ஊர்களையும் ஃபெனிசியோ கண்டார். சிலுவையையோ திருமறை நூலையோ, கிறிஸ்துவைப் பற்றிய நினைவின் சிறு சுவட்டையோ அவர் காணவில்லை. இவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்றே அவர் எழுதினார்.

இனி இரண்டாம் பயணம். அதை மேற்கொண்டவர் பெந்தோ தெ கோயிஸ். 1562இல் அசோரசுத் தீவுகளில் பிறந்தவர். போர்த்துகீசியப் படைவீரராக இந்தியா வந்தவர். திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரு சிற்றாலயத்தில் தேவதாயின் திருவுருவத்தின் முன் முழந்தாளிட்டபோது தம் வாழ்வையே மாற்றிக்கொண்டவர் என்பர். கோவாவில் இயேசு சபையில் சேர்ந்தார், இடையில் விலகினார், மீண்டும் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாத துறவறச் சகோதரராகவே இறுதிவரை வாழ்ந்தார். அவர் பாரசீக மொழியை நன்கு அறிந்திருந்தார். புனித பிரான்சிஸ் சவேரியாரின் உறவினரான ஜெரோம் சவேரியாரோடு அக்பர் பேரரசரின் அவைக்குச் சென்றவரும் அவரே.

அந்த அவையில்தான் ஒரு முகமதிய வணிகர் 'கத்தாய்' என்னும் நாட்டைப் பற்றிக் கூறினார். அங்கே ஆலயங்கள் உண்டு, திருவுருவங்கள் உண்டு, மணமாகாத குருக்கள் உண்டு, அவர்கள் இயேசுவின் அடியவர் என்றார். அவர் பார்த்தது பெரும்பாலும் புத்த மடங்களாகவே இருத்தல் வேண்டும். ஆயினும் மார்க்கோ போலோவின் காலத்திலிருந்து ஐரோப்பியர் நெஞ்சில் நிலைத்திருந்த பெயர் கத்தாய். அது சீனாவே என்று பீக்கிங் நகரிலிருந்து மத்தேயு ரிச்சி எழுதிக்கொண்டிருந்தார். எனினும் ஐயம் தீரவில்லை. நடந்து போய்ப் பார்த்தாலன்றித் தீராது என்று முடிவாயிற்று.

1602 அக்டோபர் 29ஆம் நாள் கோயிஸ் ஆக்ராவை விட்டுப் புறப்பட்டார். அக்பர் பரிந்துரை மடல்களும் பொருளுதவியும் அளித்தார். அர்மீனிய வணிகர் கோலத்தில், 'அப்துல்லா இசாயி' என்ற பெயரோடு அவர் சென்றார். 'ஆண்டவரின் அடியான், கிறிஸ்தவன்' என்பது அப்பெயரின் பொருள். கோலத்தை மாற்றிக்கொண்டாரேயன்றித் தாம் யார் என்பதை அவர் மறைக்கவில்லை. 1603ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், ஏறத்தாழ ஐந்நூறு பேர் கொண்ட ஒரு சாத்தோடு லாகூரை விட்டகன்றார். நீலமலையைப் பற்றிய மடலை ஃபெனிசியோ எழுதிய அதே பருவம் அது.

காபூலை அடைவதற்குள் வழித்துணைவர் சிலருடைய உள்ளம் தளர்ந்தது. உடன் வந்த கிரேக்கர் ஒருவர் அங்கிருந்தே திரும்பிவிட்டார். மற்றொருவர் வணிகத்தின் பொருட்டு அங்கேயே தங்கிவிட்டார். இறுதிவரை உடன் சென்றவர் ஈசாக் என்னும் அர்மீனியர் ஒருவரே. அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியை ஊரில் விட்டுவந்த இல்லறத்தார்.

அங்கிருந்து இந்துகுஷ் மலை, பதக்‌ஷான், அதற்கும் அப்பால் உலகின் கூரை எனப்படும் பாமிர் உயர்நிலம். மரமற்ற அந்தப் பெருவெளியில் குளிரும் மெல்லிய காற்றும் மனிதரையும் விலங்குகளையும் மூச்சுத் திணற வைத்தன. பூண்டும் வெங்காயமும் உலர்பழமும் உண்டால் அந்த நோய் தணியும் என்று வழிப்போக்கர் நம்பினர். குதிரைகளின் ஈறுகளிலும் பூண்டைத் தேய்த்தனர். அப்படியிருந்தும் கோயிஸின் குதிரைகள் பல இறந்தன. 1603 நவம்பரில் யார்க்கண்ட் நகரை அடைந்தார். அடுத்த சாத்து திரளும்வரை அங்கே ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.

காபூலில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மெக்காவுக்குப் புனித யாத்திரை சென்று திரும்பிய அரச குலத்துப் பெண்மணி ஒருவர் வழியில் பொருள் இழந்து வருந்தினார். அவர் காஷ்கர் அரசரின் சகோதரி. கோத்தான் அரசரின் தாய். கோயிஸ் அவருக்கு வட்டியின்றி 600 பொற்காசுகள் கடனாகக் கொடுத்தார். பின்னர் கோத்தான் சென்றபோது, அக்கடன் சீனத்தில் பெருமதிப்புப் பெற்ற பச்சைக்கல்லாக அவருக்குத் திரும்பி வந்தது. கிறிஸ்தவச் சகோதரரின் பயணத்துக்குத் துணை நின்றது, மெக்கா சென்று திரும்பிய ஒரு முகமதியத் தாயின் நன்றி. சமயங்களுக்கிடையே சுவர்கள் மட்டுமே இருந்தன என்று கருதுவோர்க்கு இந்நிகழ்ச்சி விடையாக நிற்கும்.

1604 நவம்பரில் மீண்டும் புறப்பாடு. அக்சு, குச்சா ஆகிய பாலைச்சோலை நகரங்களைக் கடந்து, போஸ்டன் ஏரிக்கு அருகிலுள்ள சாலிஷ் நகரை அடைந்தார். இன்று அது கராஷார் எனப்படுகிறது. அங்கே எதிர்த்திசையில் வந்த சாத்து ஒன்று அவர் தேடலுக்கு விடையளித்தது. பீக்கிங்கிலிருந்து திரும்பிய அவ்வணிகர்கள், தாங்கள் தங்கிய விடுதியிலேயே ரிச்சியும் அவருடைய தோழரும் தங்கியிருந்ததைக் கூறினர்; போர்த்துகீசிய மொழியில் எழுதப்பட்ட ஒரு தாளையும் எடுத்துக் காட்டினர். ஐயம் அகன்றது. கத்தாய் என்று தனியே ஒரு நாடு இல்லை, அது சீனா. மறந்துபோன கிறிஸ்தவர்களின் பேரரசும் இல்லை. தாம் தேடி வந்தது இல்லை என்பதைப் பாதி வழியிலேயே அவர் அறிந்துகொண்டார்.

அவர் திரும்பிவிடவில்லை. துர்பான், ஹாமி வழியாகக் கோபிப் பாலையின் விளிம்பைக் கடந்து, 1605 இறுதியில் பெருஞ்சுவரின் வாயிலுக்கு உட்பட்ட சுசௌ நகரை அடைந்தார். அதற்குமேல் செல்ல இசைவு கிடைக்கவில்லை. கையிருப்புக் கரைந்தது, உடல் தளர்ந்தது. ரிச்சிக்கு எழுதிய முதல் மடல், முகவரி சீன எழுத்தில் இல்லாமையால் போய்ச் சேரவில்லை. அடுத்த மடல் 1606 நவம்பரில் சேர்ந்தது. ரிச்சி உடனே ஜான் பெர்னாண்டஸ் என்னும் சீனச் சகோதரரை அனுப்பினார். 1607 மார்ச் இறுதியில் அவர் வந்து போர்த்துகீசிய மொழியில் வாழ்த்தியபோது கோயிஸ் நோய்ப்படுக்கையில் கிடந்தார். ஏப்ரல் 11ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அடுத்து நடந்தது நம் நெஞ்சைத் தைப்பது. கோயிஸ் நாள்தோறும் எழுதிவந்த குறிப்பேட்டில், உடன்வந்த வணிகர் பலர் அவரிடம் பெற்ற கடன்களும் குறிக்கப்பட்டிருந்தன. அவர் இறந்தவுடன் அவர்கள் உடைமைகளைக் கவர்ந்து, குறிப்பேட்டைக் கிழித்தெறிந்தனர். ஈசாக்கும் பெர்னாண்டஸும் எஞ்சிய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தனர். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஈசாக்கோடு பேசவே பெர்னாண்டஸ் பாரசீகம் கற்றார். உடைமைகளுக்காகப் பல மாதங்கள் வழக்காடினர். பின்னர் பீக்கிங் சென்று, அத்துண்டுகளைக் கொண்டும் ஈசாக்கின் நினைவைக் கொண்டும் ரிச்சி அப்பயணத்தை எழுதி வைத்தார். 1615இல் அச்சேறிய நூல் வழியாக உலகம் அதை அறிந்தது. ஈசாக் கடல் வழியாக இந்தியா திரும்பும்போது டச்சுக்காரரிடம் சிறைப்பட்டு, மீட்கப்பட்டார். தம் மனைவி இறந்துவிட்ட செய்தியையே அவர் பின்னர் அறிந்தார்.

இவ்விரு பயணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது சில எண்ணங்கள் எழுகின்றன. இருவரும் தேடியதைக் காணவில்லை. அதைவிட முதன்மையானது, காணவில்லை என்று ஒப்புக்கொண்டது. தம்மை அனுப்பியவர்கள் எதைக் கேட்க விரும்பினார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தோடரின் பால்மனையை ஆலயமென்றும், பூசாரியை வழிதவறிய குருவென்றும் எழுதியிருந்தால், கோழிக்கோட்டிலிருந்து யார் மலையேறி வந்து மறுத்திருப்பார்? ஆயினும் 'இல்லை' என்றே ஃபெனிசியோ எழுதினார். உண்மையை அறிவிக்கச் சென்றவர்கள் முதலில் உண்மையைக் காண வேண்டியிருந்தது.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஃபெனிசியோ தோடரிடம் கேட்க விரும்பிய கேள்வி ஒன்றே: நீங்கள் நம்மவரா? அவர்கள் நம்மவர் அல்லர் என்றானதும், எளிதில் எட்டாத அம்மலைக்கு உடனே குருக்களை அனுப்ப வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. ஆயினும் வழியில் கண்டதையெல்லாம் அவர் குறித்து வைத்த மடல், தோடரையும் படகரையும் பற்றிய மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றாக இன்று விளங்குகிறது. 1906இல் ரிவர்ஸ் என்னும் அறிஞர் தோடரைப் பற்றிய தம் பெருநூலில் அதைச் சேர்த்து வெளியிட்டார். தேடிய கேள்விக்குக் கிடைத்த விடை பழங்கதையாயிற்று. போகிற போக்கில் கவனித்தவையே நிலைத்தன. மனிதரை நம்மவர், அயலார் என்று பிரித்த பின் பார்ப்பதைவிட, முதலில் பார்ப்பதே நன்று என்பதை அந்த மடல் தன்னையறியாமல் உணர்த்துகிறது.

சத்தியமங்கலம் பின்னர் அதே பதினேழாம் நூற்றாண்டில் மறைப்பணித் தளமாயிற்று. நம் பகுதியின் பழைய பங்குகளின் வேர் அங்கே உள்ளது. அந்நாளைய குருக்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அவர்களுக்கு வழிகாட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள், மொழி பெயர்த்தவர்கள் ஆகிய பொதுநிலையினரின் பெயர்கள் அரிதாகவே எஞ்சியுள்ளன. அவ்வகையில் ஈசாக்கின் பெயர் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு பேறு. அவர் கிழிந்த தாள்களைப் பொறுக்காதிருந்தால் கோயிஸின் பயணம் சுசௌ நகரோடு மண்ணாகியிருக்கும். சாத்து என்பது கூடி நடப்பது என்றோம். நானூறு ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சாத்தில் இறுதிவரை நடந்தவராக நாம் கணக்கிடுவது, கடனைத் திருப்பித் தராத வணிகரை அன்று, அந்த இல்லறத்தாரையே.

தோடரின் புல்வெளிகளுக்கு அருகே தோன்றும் பவானி, அட்டப்பாடிப் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு, சத்தியமங்கலம் கடந்து, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. நம் வயல்களுக்கு வரும் அந்த நீர், மலைமேல் வாழ்பவர் நம்மவரா என்று கேட்டு வருவதில்லை.